இடது தாங்கல்

நாச்சிமுத்து படுத்துவிட்டான். யோசிக்க ஒரு நிமிஷம் கொடுத்தானா, இல்லை. அந்தப் பொம்பளை வாயை மூடுவதற்குள் லுங்கியைத் தூக்கிச் சொருகினான், தோள் துண்டை மண்ணில் விரித்தான், மல்லாந்தான், குதிகாலால் உந்தி உந்தித் தட்டுக்கு அடியில் போய்விட்டான். அறுபத்திமூன்று வயது. வீட்டில் கட்டிலில் ஏற இத்தனை சுறுசுறுப்பு உண்டா என்று அவன் பெண்டாட்டி ருக்மணியைத்தான் கேட்க வேண்டும். அவனுக்கு மேலே இடுப்பு உயரத்தில் இரும்புத் தட்டு. தட்டின் மேல் பழைய அம்பாசடர் கார், ஒரு டன்னுக்குக் குறையாது. லீவருக்குப் பக்கத்தில் நின்ற அத்தியப்பனுக்குத் தம்பியின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. வலது பாதத்தின் சுண்டுவிரல் ஆடியது. சந்தோஷமாக இருக்கிறான். கேட்டுவிட்டார்கள் இல்லையா, படுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டார்கள், இனி அவனைக் கையில் பிடிக்க முடியாது. இவரோ வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். ‘அதெல்லாம் இப்ப யாரும் செய்யறதில்ல அம்மிணி’ என்றார். சொன்னாரா? சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார். ‘செய்யலாம்ங்ண்ணா, இப்ப என்ன வந்துது’ என்று இவன் குறுக்கே விழுந்தான். விழுந்தவன் அவன். அது கணக்கில் வரவேண்டும்.

அந்தப் பொம்பளை தெய்வானை, இந்த டிரெய்லரைச் செய்யச் சொன்னவள். பவானி பைபாஸில் கார் நின்றுபோனால், கவிழ்ந்தால், மோதி மூஞ்சி போனால் இவளுக்குத்தான் போன் வரும். அவள் புருஷன் ஓட்டிய தொழில். புருஷன் செத்தது கொக்கி பிடுங்கிக்கொண்டு. எவனோ வெல்டிங் வைத்து ஒட்டிய கொக்கி, தூக்கின கார் அப்படியே அவன் மேல் வந்து உட்கார்ந்தது. இரண்டு வருஷம் ஆகிறது. அழுது முடித்துவிட்டு அவளே லீவர் பிடிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் கேட்டது, தட்டு தரையோடு படியும் டிரெய்லர். சாய்வுப் பலகை போட்டுக் காரை உந்துகிற வேலையே வேண்டாம் என்றாள். சக்கரம் கோத்த சட்டம் வெளியே நிற்கும், நடுவில் தட்டு மட்டும் ஏறி இறங்கும். லீவரை இழுத்தால் தட்டு தரைக்குப் போகும், நொறுங்கிய கார்கூட வீட்டுக்குள் நுழைவது மாதிரி நுழையும், தள்ளினால் காரோடு எழும்பும். ரோட்டில் போகும்போது பாதி உயரத்தில் தட்டு உட்கார இரண்டு பக்கமும் இரண்டு தாங்கல். ஒரு சாண் நீளத்துக்குக் கனத்த இரும்பு, சட்டத்தோடு சேர்த்து ஒட்டியது. தட்டைத் தூக்குகிற எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் தாங்கல் பிடித்துக்கொள்ளும். சங்ககிரியில் இதை இந்த அண்ணன் தம்பி பட்டறை போல யாரும் செய்வதில்லை. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய டிரைவர் கமருதீன் அம்பாசடரை ஏற்றினான், தட்டை எழுப்பியாயிற்று, இனி இறக்கித் தாங்கலில் உட்காரவைத்துக் காட்ட வேண்டியதுதான். அப்போது கேட்டாள்.

“ஏனுங் பெரியவரே, உங்கப்பாரு காலத்துல ஒட்டினவரே அடியில படுப்பாராமா? ஒரு பீடி குடிச்சு முடியற வரைக்கும் எந்திரிக்க மாட்டாராமா? பவானில ஒரு கெழவர் சொன்னாரு.”

“அது பழைய கதை.”

“எம் புருசன் வாங்குனதும் சாமி கும்பிட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வாங்குன வண்டிதானுங். பழம் மட்டுந்தான் நசுங்கும்னு நெனச்சோம்.”

கமருதீன் சிரித்தான். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. அவன் அதற்குள் லுங்கியைச் சொருகிக்கொண்டிருந்தான்.

இடது தாங்கலில் பொள்ளல் இருக்கிறது. அத்தியப்பனுக்குத் தெரியும். அவருக்கு மட்டும் தெரியும். மூன்று நாள் முன்னால் ஒட்டு முடிந்து சுத்தியலோடு சுற்றி வந்தார். அது அவர் வேலை. நாச்சிமுத்து ஒட்டுவான், இவர் தட்டித் தட்டிப் பார்ப்பார், சரியில்லாத இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார், அவன் அறுத்துவிட்டு மறுபடி ஒட்டுவான். இடது தாங்கலில் தட்டியபோது கசடு பொரிந்து விழுந்தது, அடியில் இரும்பு சேரவே இல்லை. ஒரு பக்கம் மட்டும் உருகி வழிந்து மெழுகு மாதிரி நின்றிருந்தது. ஒரு சாணில் பாதி. பாதிக்கும் மேல். சுண்டுவிரல் நகம் உள்ளே போனது. முன்பெல்லாம் நாச்சிமுத்து ஒட்டில் வட்டம் போட ஆசைப்பட்டுச் சுற்றிச் சுற்றி வருவார், கிடைக்காது, வீம்புக்கு எங்கேயாவது ஒன்று போட்டுவிட்டுப் போவார். அன்றைக்கு நிஜமாகவே கிடைத்தது. வட்டம் போட்டார். போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழகான வட்டம். பிறகு கட்டை விரலால் அழித்தார். அழித்ததோடு விட்டாரா, சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷை முக்கி, பொள்ளல் அடைக்க அடைக்க இரண்டு பூச்சு பூசினார். காய்கிறவரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். ஏன் என்று கேட்டால் பதில் உண்டு. காரோடு தட்டு இறங்கும், இடது பக்கம் பிய்த்துக்கொள்ளும், அம்பாசடர் சரியும், தெய்வானை வாயில் வந்ததைச் சொல்லுவாள், அவள் வாய் பவானி முழுக்கக் கேட்கும், நாச்சிமுத்து கை போய்விட்டது என்று ஊருக்குத் தெரியும், அவன் வீட்டில் போய் உட்காருவான். அவ்வளவுதான். காருக்குள் ஆள் கிடையாது. அடியில் ஆள் கிடையாது. அடியில் ஆள் படுத்துப் பத்து வருஷம் ஆகிறது. யாரையும் சாகடிக்க நினைத்தாரா? பழைய அம்பாசடர், பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற வண்டி, அது விழுந்தால் என்ன. இப்போது அடியில் இரண்டு பாதம்.

அவனுக்குக் கண் போய்விட்டது, அதுதான் விஷயம். புரை. இரண்டு கண்ணிலும் மோர் ஊற்றின மாதிரி. யாரிடமும் சொல்லவில்லை, விரலாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒட்டி முடித்ததும் விரலை ஓட்டிப் பார்ப்பான். கசடு மூடின ஒட்டு விரலுக்கு வழவழவென்று தெரியும், நல்ல ஒட்டு என்று நினைத்துக்கொள்வான். அத்தியப்பன் இதைப் போன ஆடியிலேயே கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததும் முதலில் செய்தது என்ன? அவனுடைய சுத்தியலை வைத்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார். நாச்சிமுத்து கையை நீட்டினான், மண்ணைத் தடவினான், சுற்றிலும் தடவினான், யாராவது பார்க்கிறார்களா என்று தலையைத் தூக்கி இவர் இருந்த பக்கமே பார்த்தான், இவர் தெரியவில்லை. அந்த முகம். மறுநாளும் தள்ளி வைத்தார். டீ கிளாஸை நகர்த்தி வைத்தார், அவன் கை பட்டுக் கவிழ்ந்தது, ‘ஈ உழுந்துருச்சுங்ண்ணா, அதான் கொட்டிட்டேன்’ என்றான். ஈ. கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோது அவனே வந்து கேட்டான், ‘அண்ணா, சும்மா ஒரு எட்டு போயிட்டு வரலாமா, கண்ணாடி கிண்ணாடி குடுப்பாங்க.’ ‘வேலை கெடக்குது, அடுத்த தடவை பாத்துக்கலாம்’ என்றார். அடுத்த தடவை முகாம் வரவில்லை. அதற்கு இவர் என்ன செய்வார்? முகாம் போடுவது இவர் வேலையா? ஒரு எட்டு போய்வந்திருக்கலாம். அரை நாள். அரை நாளில் என்ன குடி முழுகியிருக்கும்.

“அண்ணா,” தட்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து மாதிரி. “பத்த வெச்சுட்டேனுங். விடுங்க.”

புகை வந்தது. பாதங்களுக்கு மேலே நீலமாக ஒரு இழை.

“சின்னவரே, கோந்து போட்டு ஒட்டலீல்ல?” என்றான் கமருதீன்.

“ரேசன் கோதுமை மாவுலதான்டா ஒட்டுனேன். நல்லாப் புடிக்கும்.”

தெய்வானைகூடச் சிரித்தாள். அத்தியப்பன் லீவரை இழுத்தார். எண்ணெய் ஸ்ஸ் என்று திரும்பியது, தட்டு இறங்கத் தொடங்கியது. மெதுவாக, பிள்ளையைத் தொட்டிலில் போடுவது போல இறக்கத் தெரிந்தவர் அவர். லீவரை இவரைப் போலப் பிடிக்க சங்ககிரியில் ஆள் கிடையாது. அதை எவன் சொல்கிறான்? வருகிறவன் போகிறவன் எல்லாம் ‘நாச்சிமுத்து ஒட்டினதா?’ என்றுதான் கேட்கிறான். அளவு எடுப்பது இவர், இரும்பு வாங்குவது இவர், எண்ணெய் வேலை முழுக்க இவர், போர்டில் பெயர் அப்பனுடையது, ஊர் வாயில் பெயர் தம்பியுடையது. செத்துப்போன அவர் பெண்டாட்டியே ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், ‘உங்க தம்பி கை வெச்ச எடம் பிரியாதுங்க’ என்றாள். குழம்பு ஊற்றினாள். அவள் போய்ப் பதினொரு வருஷம், அவள் முகம் சில நாள் சரியாக ஞாபகம் வருவதில்லை, அந்தக் குழம்புக் கரண்டி ஞாபகம் இருக்கிறது. நாற்பத்தெட்டு வருஷம் முன்னால் அப்பன் கேட்டார், ‘அத்தி, இன்னிக்கு நீ படு.’ இருபது வயது. பஞ்சு லாரிக்குப் போட்ட தட்டு. அத்தியப்பன் குனிந்து அடியில் பார்த்தார். இருட்டு, கிரீஸ் வாடை, மேலே கனம். ‘முதுகு புடிச்சிருக்குதுங்கப்பா’ என்றார். அப்பன் தம்பி பக்கம் திரும்பினார். நாச்சிமுத்து போய்ப் படுத்தான். பீடி குடிக்கத் தெரியாது, இருமி இருமிக் குடித்தான். அன்றையிலிருந்து அவன்தான். அதைப் பற்றி வீட்டில் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் தீர்ந்துபோயிருக்கும். பேசாமலே வைத்திருந்தார்கள், ஊறுகாய் மாதிரி.

தட்டு தாங்கலுக்கு மேலே ஒரு நூல் உயரத்தில் நின்றது. அத்தியப்பன் நிறுத்தவில்லை, கை நிறுத்தியது. லீவர் நடுவில். எண்ணெய் பிடித்துக்கொண்டிருக்கிறது, தாங்கலில் ஒரு கிலோ பாரம் இல்லை. இப்படியே பீடி முடிகிறவரை பிடித்தால் ஆயிற்று, அவன் வெளியே வந்துவிடுவான், யாருக்கும் தெரியாது. நல்ல யோசனை. நல்ல யோசனைதான், பிறகு அந்த டிரெய்லர் ரோட்டுக்குப் போகும், பிய்த்துக்கொள்ளும், அது வேறு நாள், வேறு ஆள், நாச்சிமுத்துவுக்கு அப்போதும் கெட்ட பெயர்தான். அதுவே போதும். அதுவே நல்லது. ஒரு வார்த்தை சொன்னால்? ‘நாச்சி, வெளியே வாடா, இடது தாங்கல்ல பொள்ளல்.’ ஆறே வார்த்தை. சொன்னால் அடுத்த கேள்வி வரும். எப்போது பார்த்தீர்கள்? பார்த்துவிட்டுப் பெயிண்ட் பூசினது யார்? தம்பி படுக்கும்போது வாயில் என்ன வைத்திருந்தீர்கள்? தாங்கும். பாதி ஒட்டு இருக்கிறதே. நல்ல இரும்பு. தாங்காது, பாரம் முழுக்க அந்தப் பக்கம்தான், கமருதீன் காரை அந்தப் பக்கம் ஒதுக்கி ஏற்றியிருக்கிறான். தாங்கும், இவன் ஒட்டின பாதி மற்றவன் ஒட்டின முழுசுக்குச் சமம், ஊரே சொல்கிறது, சொல்லட்டும், இன்றைக்கு நிரூபிக்கட்டும். தாங்காவிட்டால் இடது பக்கம் முதலில் போகும். அவன் தலை எந்தப் பக்கம்? தலை இடது பக்கம். சத்தம் அதிகம் வராது. பந்தல் போட வேண்டும். சேலத்திலிருந்து அவன் மகள் வர மூன்று மணி ஆகும், அதற்குள் முகத்தை மூடிவிட வேண்டும், பார்க்கவிடக் கூடாது. ருக்மணி இவர் காலில் விழுந்து அழுவாள், ‘மாமா, நீங்கதானுங் கூட நின்னீங்க’ என்பாள். இவர் அழுவார். நன்றாக அழுவார், அதில் சந்தேகம் இல்லை, நிஜமாகவே வரும். கை உதறியது என்று சொல்லலாம். வயசாகிவிட்டது என்று சொல்லலாம். அப்புறம் யார் ஒட்டுவது? ஈரோட்டில் ஒருத்தன் இருக்கிறான். சீ. தம்பி அடியில் கிடக்கிறான், இங்கே ஆள் தேடிக்கொண்டிருக்கிறது புத்தி. புகை வருகிறது. பாதிப் பீடி ஆகியிருக்கும். மெதுவாகக் குடிக்கிறான் படவா, ரசித்துக் குடிக்கிறான்.

“ஏனுங் பெரியவரே.” தெய்வானை குனிந்திருந்தாள். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் சட்டத்துக்குப் பக்கத்தில் கன்னத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். “வெளிச்சம் தெரியுதுங்களே.”

“என்ன வெளிச்சம்?”

“தட்டுக்கும் தாங்கலுக்கும் நடுவுல. இன்னும் உக்காரலை. எண்ணெய்லதான் நிக்குது.”

“உக்காந்துருச்சு.”

“உக்காரலைங். ரெண்டு வருசமா நானும் லீவர்தான் புடிக்கறேன்.”

அடியிலிருந்து நாச்சிமுத்து கத்தினான். “அண்ணா, முழுசா விடுங்க. அம்மிணி சரியாப் பாத்துட்டுப் போகட்டும்.”

அவன் சொன்னான். நான் விடவில்லை, அவன் சொன்னான், அவளும் சொன்னாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? அத்தியப்பன் லீவரை இழுத்து விட்டார். முழுசாக. கை லேசாகிவிட்டது. டொக் என்று தட்டு உட்கார்ந்தது. வலது பக்கம் ஒரு டொக். இடது பக்கம் ஒரு டொக், அதன் வாலில் சின்னதாக ‘டிங்’ என்று ஒன்று, மூக்குத்தி தரையில் விழுந்த மாதிரி. யாருக்கும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. தட்டித் தட்டிப் பழகிய காது. விட்டுக்கொடுக்கிற இரும்பு அப்படித்தான் சொல்லும். அவர் பாதங்களைப் பார்த்தார். சுண்டுவிரல் ஆடவில்லை. ஆடவில்லையே. ஏன் ஆடவில்லை? வெயில் தகரக் கூரையில் படபடத்தது. ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அந்த அதிர்வு மண்ணில் வந்தது, மண்ணிலிருந்து சட்டத்துக்குப் போகும், சட்டத்திலிருந்து தாங்கலுக்கு. போ, சீக்கிரம் போய்த் தொலை லாரியே. விழு, என்று உள்ளே ஒரு குரல் சொன்னதா? சொன்னது. விழுந்துவிட்டால் இந்த நிற்றல் முடிந்துவிடும், அதற்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை. அவருக்கு அவருடைய குரல் நன்றாகத் தெரியும். சுண்டுவிரல் ஆடியது. பீடித் துண்டு ஒன்று பாதத்துக்குப் பக்கத்தில் சுண்டிவிடப்பட்டு வந்து விழுந்து புகைந்தது. அத்தியப்பன் லீவரைத் தள்ளினார், தட்டு எழும்பியது, எழும்பும்போது காலடியில் நிழல் விலகுவதைப் பார்த்தார். நாச்சிமுத்து குதிகாலால் இழுத்து இழுத்து வெளியே வந்தான். துண்டை உதறினான். முகத்தில் கரி. சிரித்தான்.

“நல்லா உக்காருதுங் அம்மிணி. கல்லு மாதிரி.”

இப்போது அத்தியப்பனுக்கு வந்தது ஏமாற்றம். நிம்மதி வந்தது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் நிம்மதிக்கு முந்திக்கொண்டு அது வந்துவிட்டது. தாங்கிவிட்டதா? பாதியே இல்லாத ஒட்டு தாங்கிவிட்டதா? இவன் குருட்டுக் கையால் ஒட்டினாலும் பிரியாதா? குழம்புக் கரண்டி கண் முன்னால் வந்து போனது.

தெய்வானை அசையவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சின்னவரு படுத்துட்டாரு. அவரு கை மேல அவருக்கு நம்பிக்கை இருக்குது. சரி. நீங்க எதுக்குங் பாதிப் பீடி வரைக்கும் புடிச்சுட்டே நின்னீங்க?”

“மெதுவாத்தான் விடோணும். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

“மெதுவா விடறது வேற, விடாம நிக்கறது வேறங். எனக்கு ரெண்டும் தெரியும்.” அவள் சத்தம் போடவில்லை. “நீங்களும் ஒருக்காப் படுங்க பெரியவரே. நீங்க படுத்தா நான் இப்பவே வண்டிய இழுத்துட்டுப் போறேன். இல்லீன்னா எனக்கு இந்த டிரெய்லர் வேண்டாம்.”

“ஒட்டினவந்தான் படுப்பான். அதுதான் வழக்கம்.”

“வழக்கம் உங்களுது. சாவறது எங்க ஆளுங்க.”

கமருதீன் பல் குத்துவதை நிறுத்தினான். நாச்சிமுத்து அண்ணன் இருந்த திசையில் பார்த்தான்; சரியாகச் சொன்னால் அண்ணனுக்கு ஒரு அடி இடது பக்கம் பார்த்தான். “படுங்கண்ணா. நல்லாத்தான் இருக்குது. குளுகுளுன்னு இருக்குது அடியில. லீவர் நான் புடிச்சுக்கறேன்.”

முதுகு, என்று நாக்கு எழுந்தது. நாற்பத்தெட்டு வருஷமாக நாக்கின் அடியிலேயே கிடந்த வார்த்தை, கூப்பிடாமலே எழுந்து வந்தது. பல்லுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். தம்பி முகத்தில் ஒன்றும் இல்லை. காத்திருப்பதுகூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவன் எப்போதாவது ஒரு தடவை, கள் குடித்துவிட்டாவது, ‘அன்னைக்கு நீ பயந்தாங்கொள்ளி’ என்று சொல்லியிருந்தால் இவர் அவனை இத்தனை வருஷம் சுமந்திருக்க மாட்டார். அத்தியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். முழங்கால் சொடக்குப் போட்டது. மண்ணில் உட்கார்ந்து, மல்லாந்து, தலையை உள்ளே விட்டார். வலது பக்கமாகத் தலை வைத்தார், இடது பக்கம் வேண்டாம். வைத்த பிறகுதான் புரிந்தது, அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கமும் கூடவே சாயும், நெஞ்சு எங்கே ஓடும். கிரீஸ் வாடை. அதே வாடை, மாறவே இல்லை. நாச்சிமுத்து குனிந்து தடவித் தடவி வந்து, எரிகிற பீடி ஒன்றை இவர் உதட்டைத் தேடி வைத்தான். அவன் விரல் முதலில் கன்னத்தில் பட்டது, பிறகு மீசையில், பிறகு உதட்டில். டாக்டர் நிறுத்தச் சொல்லி ஆறு வருஷம் ஆன பீடி. விரல் போய்விட்டது. பாதம் நடக்கிற சத்தம். லீவரில் கை விழுகிற சத்தம். கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் தெரியாது. மூடினால் நன்றாகத் தெரிந்தது: சிவப்புப் பூச்சு, பூச்சுக்கு உள்ளே சேராத இரும்பு, அந்த டிங் சத்தம் விட்டுப்போன இடத்தில் மயிர் மாதிரி ஒரு கோடு. ஒரு தடவை தாங்கியது. ஒரு தடவை தாங்கினதுதான் இரண்டாம் தடவை போகும். அவன் மேல் விழாமல் மிச்சம் வைத்ததை எனக்கு எடுத்து வைத்திருக்கிறது. இவன் லீவரை எப்படி விடுவான்? இவனுக்கு லீவர் தெரியாதே. தடாலென்று விடுவான். கண்ணும் தெரியாது. கண்ணுக்கு நான்தான் கூட்டிப் போகவில்லை. பீடிப் புகை மூக்கில் ஏறியது. இருமல் வந்தது. இருமினால் நெஞ்சு தூக்கும், தூக்கினால் தட்டில் இடிக்கும், தட்டு இன்னும் மேலேதான் இருக்கிறது, மேலேதான்.

“விடட்டுங்களாண்ணா?”

அத்தியப்பன் இருமலை விழுங்கினார்.

“அண்ணா?”

ஸ்ஸ் என்றது எண்ணெய்.

“நிறுத்து! நிறுத்துடா நாச்சி! இடது தாங்கல்ல பொள்ளல், உள்ள பத்தவே இல்லை, நிறுத்துடா, அய்யோ, நிறுத்துடா!”

தம்பிக்காக எத்தனை பிடித்து இழுத்தும் வராத வார்த்தைகள். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, கட்டவிழ்ந்த மாடுகள் போல வந்தன. எண்ணெய்ச் சத்தம் அந்த நொடியே நின்றது. நாச்சிமுத்து லீவரைச் சரியாகத்தான் பிடித்திருந்தான், தட்டு நாலு விரற்கடைகூட இறங்கியிருக்கவில்லை. அத்தியப்பன் கவிழ்ந்து புரண்டு, முழங்கையும் முழங்காலும் தேய வெளியே வந்தார். பீடி எங்கேயோ விழுந்துவிட்டது. மண்ணில் நாலு காலில் நின்றபடி இருமினார். யாரும் தூக்கிவிட வரவில்லை.

கமருதீன் இடது பக்கம் போய்க் குந்தினான். கிட்டே போய்ப் பார்த்தான். தள்ளிப் போய்ப் பார்த்தான். “ஒண்ணும் தெரியலீங்களே. வெறும் பெயிண்டுதான் இருக்குது.” திரும்பி இவரைப் பார்த்தான். “அதுஞ் சரி, குனிஞ்சு பாத்தேன், நீங்க கண்ண மூடிட்டுத்தானுங் கெடந்தீங்க?”

நாச்சிமுத்து சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தான். தேடாமல் எடுத்தான், வைத்த இடத்திலேயே இருந்தது. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து, இடது தாங்கலில் விரலை ஓட்டி, இரண்டு தட்டுத் தட்டினான். சிவப்பு வில்லை வில்லையாகப் பெயர்ந்து விழுந்தது. சுண்டுவிரலை வைத்தான். நகம் உள்ளே போயிற்று. அப்படியே வைத்துக்கொண்டிருந்தான், நாடி பார்க்கிறவன் போல. பிறகு பெயர்ந்த வில்லை ஒன்றைத் தேடி எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தான். பொடியாகியது.

“ரெண்டு பூச்சு,” என்றான். “காஞ்சு மூணு நாள் இருக்கும்.”

“நான் இப்பத்தான்...” என்றார் அத்தியப்பன்.

“சரிங்ண்ணா.”

அவ்வளவுதான் சொன்னான். திட்டுவான் என்று பார்த்தார். திட்டினால் திருப்பித் திட்டலாம், கண் தெரியாத குருடன் என்று சொல்லலாம், அதற்குள் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தார். அவன் தெய்வானையின் குரல் இருந்த பக்கம் திரும்பினான்.

“எனக்குக் கண்ணு தெரியறதில்லீங் அம்மிணி. ஒரு வருசமாச்சு. சொல்லாதது என் தப்பு. இனி நான் ஒட்டலை. லீவர் புடிச்சுக்கறேன், அதுக்குக் காது போதும்.” ஒட்டும்போது முகத்துக்குப் பிடிக்கிற கறுப்புக் கண்ணாடித் தட்டியை ஆணியிலிருந்து எடுத்து, தடவிக்கொண்டு வந்து, அண்ணனின் மடியில் வைத்தான். பக்குவமாக வைத்தான். “இத அறுத்துப்போட்டு அண்ணன் புதுசா ஒட்டட்டும்.”

அத்தியப்பன் ஒட்டி முப்பது வருஷம் ஆகிறது. அதைச் சொல்ல வாயெடுத்தார். தெய்வானை அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காரு இங்கயே இருக்கட்டுங். சாயங்காலம் நாலு மணிக்கு வர்றேன்,” என்றாள். “ஒட்டினவரு அடியில படுப்பாருல்ல?”

“படுப்பாருங்,” என்றான் நாச்சிமுத்து.